27 ஆண்டு பழைய மோட்டார் ஹோமின் ஜன்னல் திரைகளும் பூச்சி வலைகளும்: ஒரு பழுதுபார்க்கும் பட்டறையைப் பற்றி

படுக்கையும் சமையலறையுமாக வீடுபோல் வசதி செய்த பயண வண்டிக்கு மோட்டார் ஹோம் என்று பெயர். பழைய மோட்டார் ஹோம் வாங்குகிறவர்கள் முதலில் எஞ்சினைப் பார்ப்பார்கள், அடுத்து துருவையும் சுவர் ஈரத்தையும் பார்ப்பார்கள். ஜன்னல் திரையை இழுத்துப் பார்க்கும் பழக்கம் பெரும்பாலோருக்குக் கிடையாது. 2022 வசந்த காலத்தில் எங்கள் வண்டியை வாங்கியபோது நானும் பார்க்கவில்லை. 1997இல் ஜெர்மனியில் கட்டப்பட்டு, பியட் டுகாட்டோ வேனின் அடித்தளத்தின்மேல் அமைந்த வண்டி அது. எஞ்சின் நன்றாக இருந்தது, சமையலடுப்பும் தண்ணீர்க் குழாயும் வேலை செய்தன. பிரிட்டனில் வாகனங்களுக்கு ஆண்டுதோறும் நடக்கும் எம்.ஓ.டி. சோதனையில் ஜன்னல் திரைகளை யாரும் சோதிப்பதில்லை என்பதால், அவை எவ்வளவு கெட்டிருந்தாலும் சான்றிதழ் கிடைத்துவிடும். முந்தைய உரிமையாளர்களும் அதனால்தான் அவற்றைக் கவனிக்காமல் விட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

அவற்றின் அருமை அந்த ஜூன் மாதம் ஸ்காட்லாந்தின் மேட்டுநிலத்தில், கிளென் நெவிஸ் பள்ளத்தாக்கில் தங்கிய இரவில்தான் எங்களுக்குத் தெரிந்தது. அந்த மாதத்தில் அங்கே இரவு 10 மணிக்கும் வானத்தில் நல்ல வெளிச்சம் இருக்கும், விடியற்காலை 4.30 மணிவாக்கில் சூரியன் எழுந்துவிடும். வெளிச்சத்தை மறைக்கும் மறைப்புத் திரை பாதியில் நின்றுபோனால் தூக்கம் என்பதே கிடையாது. அதைவிடக் கொடுமை மிட்ஜ் எனப்படும் குட்டிப் பூச்சி. நம் கொசுவைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அதைப் பூச்சி என்றே சொல்லத் தோன்றாது. மிளகுத்தூளை ஊதிவிட்டாற்போல் இருக்கும். மே மாதக் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை, காற்று அசையாத ஈரமான மாலைகளில் கூட்டம் கூட்டமாக வந்து கடிக்கும். எங்கள் படுக்கைக்கு அருகிலிருந்த வலையில் விரல் நுழையும் அளவு ஒரு கிழிசல் இருந்தது. மற்றொரு வலை மேல் உருளைக்குள் போய்ச் சுருண்டுகொண்டு வெளியே வர மறுத்தது. மறுநாள் காலை என் மனைவியின் நெற்றியிலும் கழுத்திலும் இருந்த தடிப்புகளை எண்ணி முடிக்க முடியவில்லை. இரண்டு நாள் முன்னதாகவே ஊர் திரும்பினோம்.

திரும்பியதும் ஒரு வண்டி விற்பனை நிலையத்தில் விசாரித்தேன். அங்கே இருந்தவர் ஐந்து ஜன்னல்களையும் கூரைத் திறப்பையும் சுற்றிப் பார்த்துவிட்டு, இத்தனை பழைய திரைகளைப் பழுதுபார்ப்பது வீண் வேலை, சட்டத்தோடு முழுதாக மாற்றுவதுதான் ஒரே வழி என்று சொல்லி 1,640 பவுண்டுக்கு ஒரு மதிப்பீடு கொடுத்தார். அதிலும் இரண்டு ஜன்னல்களுக்கு அதே அளவில் இப்போது திரை வருவதில்லை. அருகிலுள்ள அளவை வாங்கிச் சுவரில் மரப்பட்டி வைத்து ஒட்டவைக்க வேண்டும் என்றார். இந்த இடத்தில் அவர் சொன்னது பொய்யில்லை. இந்த வண்டிகளின் ஜன்னல்களுக்கு அளவு என்பது சுவரில் வெட்டிய துளையின் அளவு, அதுவும் மில்லிமீட்டர் கணக்கில். மாடல் மாறும்போது சட்டத்தின் அகலமும் மூலை வளைவும் மாறிவிடும். டொமெட்டிக் நிறுவனத்தின் கீழ் இன்றும் வரும் சைட்ஸ் ஜன்னல்களோ, கொலோன் நகரத்து ரெமிஸ் திரைகளோ, ஹோரெக்ஸ் மடிப்பு வலைகளோ, எதை எடுத்துக்கொண்டாலும் இன்றைய அளவுகள் 25 ஆண்டுக்கு முந்தைய சுவருக்கு அப்படியே பொருந்திவிடும் என்று எதிர்பார்க்க முடியாது. ஆனால் "மாற்றுவதுதான் ஒரே வழி" என்று அவர் சொன்னது சரியில்லை என்பதை அடுத்த வசந்தத்தில் நேரிலேயே கண்டேன்.

நான் இங்கே எழுத வந்தது இங்கிலாந்தின் லங்காஷயர் கிராமப்புறத்தில், ஒரு பண்ணைக் கொட்டகையைப் பட்டறையாக்கித் தனியாளாக வேலை செய்யும் ஒருவரின் சேவையைப் பற்றி. மோட்டார் ஹோம், கேரவன் ஆகியவற்றின் திரைகளையும் வலைகளையும் மட்டுமே அவர் பழுதுபார்க்கிறார். கைநிறைய வேலை இருப்பதால் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அதை மதித்து இங்கே பெயரையும் முகவரியையும் தவிர்க்கிறேன். அவரைத் தேடிப் போக முடியாதவர்களுக்கும் இந்தக் கட்டுரை பயன்பட வேண்டும் என்பதற்காக, அவர் என்ன செய்தார் என்பதைவிட ஏன் அப்படிச் செய்தார் என்பதையே அதிகம் எழுதியிருக்கிறேன். உங்கள் ஊரில் இந்த வேலையைச் செய்கிறவர் அதே காரணங்களைச் சொல்கிறாரா என்று பார்த்தால் அவர் தொழில் தெரிந்தவரா இல்லையா என்பது விளங்கிவிடும்.

எங்கள் ஜன்னல்களில் உள்ளது உருளைத் திரை. ஜன்னலைச் சுற்றி உட்புறமாக ஒரு பிளாஸ்டிக் சட்டம். அதன் மேல் பெட்டிக்குள் பூச்சி வலை சுற்றிய உருளை, கீழ்ப் பெட்டிக்குள் மறைப்புத் திரை சுற்றிய உருளை. வலையைக் கீழே இழுக்க வேண்டும், திரையை மேலே இழுக்க வேண்டும். இரண்டின் ஓரங்களிலும் கைப்பிடியோடு கூடிய பட்டை உண்டு. அந்தப் பட்டைகளை ஒன்றோடொன்று கொக்கி போட்டு இணைத்துவிட்டால் இரண்டும் சேர்ந்து ஏறி இறங்கும். பாதி ஜன்னலுக்குத் திரையும் மீதிக்கு வலையுமாக வைத்துக்கொண்டு காற்று வாங்கலாம். ஒவ்வோர் உருளைக்குள்ளும் நீளமான ஒரு ஸ்பிரிங் இருக்கிறது. அதன் ஒரு முனை உருளையோடு பிணைந்திருக்கும்; மறுமுனையில் தட்டையான ஓர் ஊசி வெளியே நீட்டிக்கொண்டு சட்டத்தின் ஓரமூடியில் உள்ள பிளவில் உட்கார்ந்திருக்கும். அந்த ஊசி சுழலாமல் நிற்பதால்தான் ஸ்பிரிங்கில் முறுக்கு நிற்கிறது.

இந்த அமைப்பைப் புரிந்துகொள்ளாமல் அந்தக் கோடையிலேயே நானாக ஒரு வேலை செய்தேன். வரவேற்பறை ஜன்னலின் மறைப்புத் திரை தொய்ந்துபோய்க் கீழே இறங்க மறுத்தது. சட்டத்தைக் கழற்றி, ஊசியைக் குறட்டால் பிடித்து ஆறு சுற்று கூடுதலாக முறுக்கி மாட்டினேன். திரை சட்டென்று உள்ளே போயிற்று, மகிழ்ச்சியாக இருந்தது. ஆனால் வலையோடு கொக்கி போட்ட அன்றே இணைந்த பட்டை எந்த உயரத்திலும் நிற்காமல் கீழ்நோக்கி ஊர்ந்தது. இரண்டாம் நாள் வலை அதன் பட்டையிலிருந்து பிய்ந்தது. நல்ல நிலையில் இருந்த ஒரு வலையை நானே கெடுத்தேன் என்ற வருத்தம் எனக்கு இன்னும் உண்டு. பட்டறைக்காரரிடம் இதைச் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவில்லை. தன்னிடம் வருகிற கிழிந்த வலைகளில் பலவும் இப்படிக் கிழிந்தவைதான் என்றார். "இவற்றை இரண்டு ஸ்பிரிங் என்று நினைக்காதீர்கள். எதிரெதிராக இழுக்கும் ஒரே ஸ்பிரிங் என்று நினைத்துக்கொள்ளுங்கள்" என்று அவர் விளக்கினார். மேலே இழுப்பதும் கீழே இழுப்பதும் ஏறக்குறையச் சமமாக இருந்தால்தான் பட்டை விட்ட இடத்தில் நிற்கும். ஒன்று தளர்ந்துவிட்டதே என்று அதற்கு மட்டும் முறுக்கேற்றினால், மற்றொன்று தோற்றுப்போகும்.

அவர் வேலை செய்வதை இரண்டு மணி நேரம் அருகில் நின்று பார்க்க அனுமதித்தார். மேசையின்மேல் சட்டத்தைக் கவிழ்த்து வைத்து, நான்கு மூலைகளிலும் மறைப்பு நாடா (மாஸ்கிங் டேப்) ஒட்டி, எந்தப் பக்கம் மேல், எந்தப் பக்கம் கதவை நோக்கியது என்று பென்சிலால் எழுதினார். ஓரமூடியைக் கழற்றுவதற்கு முன்பே ஊசியைக் குறட்டால் பிடித்துக்கொண்டார். பிடிக்காமல் கழற்றினால் ஸ்பிரிங் முழுவதும் நொடியில் சுழன்று அவிழ்ந்துவிடும். எத்தனை சுற்று இருந்தது என்ற தகவலும் அதோடு போய்விடும். பிறகு ஊசியைச் சுற்றுச் சுற்றாக, ஒவ்வொன்றையும் வாய்விட்டு எண்ணியபடி அவிழ்த்தார். வலை உருளையில் 11 சுற்று, திரை உருளையில் 8. நாடாவின்மேல் இரண்டு எண்களையும் எழுதினார். திரைத்துணி வலையைவிடக் கனமானது என்பதால் அதற்குக் கூடுதல் முறுக்கு வேண்டும். இங்கே தலைகீழாக இருந்தது. ஏற்கெனவே யாரோ வலைப் பக்கத்தை மட்டும் முறுக்கியிருக்கிறார்கள் என்று அதிலிருந்து கண்டுபிடித்தார். மருத்துவர் நாடி பிடிப்பதைப் போல அந்த மனிதர் குறட்டைப் பிடித்திருந்த விதம் எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

அதன்பின் இரண்டு உருளைகளையும் துடைத்து, ஸ்பிரிங்கில் இருந்த பழைய மசகைச் சுரண்டி எடுத்து, புதிதாகச் சிறிதளவு மட்டும் தடவினார். மறைப்புத் திரையின் வெள்ளிப் பூச்சு கைப்பட்டைக்கு அருகில் ஒரு கோடாக வெடித்திருந்தது. அதற்குப் புதுத்துணி வேண்டியதில்லை என்று சொல்லி, வெடித்த 3 செ.மீ. பகுதியை நேராக வெட்டி எடுத்துவிட்டு மிச்சத்தைப் பட்டையில் மறுபடி பொருத்தினார். உருளையில் எப்போதும் இரண்டு மூன்று சுற்றுத் துணி மிச்சமாக இருக்கும், உயரம் குறையாது என்றார். மாட்டிப் பார்த்தபோது குறையவில்லைதான். புதுத்துணி போட்டிருந்தால் அவருக்குக் கூடுதல் பணம் கிடைத்திருக்கும். அவர்மேல் எனக்கு நம்பிக்கை ஏற்பட்டது அந்த இடத்தில்தான்.

வலை விஷயத்தில் நான் கேட்டதை அவர் மறுத்துவிட்டார், அதையும் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் பூனை இருக்கிறது. நகத்துக்குக் கிழியாத தடித்த வலை சந்தையில் கிடைக்கிறது, அதைப் போடுங்கள் என்றேன். ஒரு துண்டு தடித்த வலையை வெறும் உருளையில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துக் காட்டினார். உருளை பருத்துப் பெட்டியின் உட்சுவரில் உரசியது. அப்படிப் போட்டால் ஒரே கோடையில் வலையும் போகும், ஸ்பிரிங்கும் களைத்துவிடும் என்றார். வீட்டு ஜன்னல்களில் நிலையான சட்டத்தில் அடிக்கும் வலைக்கும், உருளையில் சுற்ற வேண்டிய வலைக்கும் உள்ள வித்தியாசம் தடிமன்தான் என்பதைக் கடையில் யாரும் எனக்குச் சொன்னதில்லை.

மிட்ஜ் பூச்சியைத் தடுக்கும் வலைக்கு அவர் இரண்டு மாதிரிகளைக் காட்டினார். பொதுவாகக் கிடைக்கும் கண்ணாடியிழை வலையில் ஓர் அங்குலத்துக்கு ஒரு பக்கம் 18 இழையும் மறுபக்கம் 16 இழையும் இருக்கும். இழையின் தடிமன் போக ஒவ்வொரு கண்ணும் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். கொசுவுக்கும் ஈக்கும் அது போதும். ஸ்காட்லாந்து மிட்ஜின் சிறகு விரிவே 2 மில்லிமீட்டரைத் தாண்டாது; உடலைக் குறுக்கி அந்தக் கண் வழியாக அது நுழைந்துவிடும். அதனால் இன்னும் நெருக்கமான பாலியஸ்டர் வலையைத் தேர்ந்தெடுத்தோம். அதைக் கத்திரியால் வெட்டாமல் சூடேற்றிய கத்தியால் வெட்டினார். ஓரம் உருகி இறுகிவிடுவதால் பக்கவாட்டுக் காடியில் ஓடும்போது இழை பிரியாது. நெருக்கமான வலையில் காற்று குறைவாகத்தான் வரும் என்று முன்கூட்டியே எச்சரித்தார். அது உண்மை. ஆகஸ்டில் தெற்கே போனபோது இரவில் வண்டிக்குள் புழுக்கம் தெரிந்தது. எப்போதும் வடக்கே போகிறவர்களுக்கு மட்டுமே அதைப் பரிந்துரைப்பேன். மற்றவர்களுக்குப் பொதுவான வலையே நல்லது. படுக்கை அருகிலுள்ள இரண்டு ஜன்னல்களுக்கு நெருக்கமானதும் மற்ற மூன்றுக்குப் பொதுவானதும் என்று பிரித்துப் போட்டிருக்கலாம். எனக்கு அது அப்போது தோன்றவில்லை.

கூரைத் திறப்பு வேறு வகை. முந்தைய உரிமையாளர் 2009இல் புதிதாகப் பொருத்திய அதில் இருப்பது விசிறிபோல் மடங்கும் மடிப்புத் திரை. ஒரு பக்கத்திலிருந்து மறைப்புத் திரையும் எதிர்ப் பக்கத்திலிருந்து வலையும் வந்து நடுவில் காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும். இதில் உருளையும் கிடையாது, முறுக்கும் கிடையாது. மடிப்புகளில் உள்ள சிறு துளைகள் வழியாக ஓடும் மெல்லிய நூல்கள்தான் எல்லாம். நூல் சட்டத்தின் ஒரு மூலையில் தொடங்கி மடிப்புகளைக் கடந்து நகரும் பட்டைக்குள் நுழையும். பட்டைக்குள்ளேயே குறுக்காக மறுபக்கம் போய், அங்கிருந்து எதிர்ச் சட்டத்துக்குச் செல்லும். இடமிருந்து வருவது வலமும், வலமிருந்து வருவது இடமுமாக இரண்டு நூல்கள் இப்படிக் குறுக்கே மாறுவதால்தான் பட்டை கோணாமல் நேராக நகர்கிறது, விட்ட இடத்தில் நிற்கவும் செய்கிறது. எங்களுடையதில் ஒரு நூல் அறுந்து, திரை நடுவில் தொட்டில்போல் தொங்கியது.

நூல் ஏன் அறுந்தது என்பதைத்தான் அவர் முதலில் தேடினார். உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தபோது, சட்டத்தில் நூல் நுழையும் துளையின் விளிம்பில் அச்சு வார்ப்பில் மிஞ்சிய ஒரு பிசிறு தெரிந்தது, மயிரிழை அளவுதான். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாகத் திறந்து மூடும்போதெல்லாம் அந்தப் பிசிறு நூலைச் சிறிது சிறிதாக அறுத்திருக்கிறது. வட்ட அரத்தால் அதை மழித்துவிட்ட பிறகுதான் புது நூலை எடுத்தார். நூலின் முனையில் ஒரு துளி உடனொட்டும் பசையை விட்டு இறுகவைத்து, சாய்வாக வெட்டினார், நூலே ஊசியாகிவிட்டது. ஏறக்குறைய நாற்பது துளைகள். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, மடிப்புகளைச் சீட்டுக்கட்டுபோல் அடுக்கிப் பிடித்து, ஒரே மூச்சில் ஐந்தாறு துளைகளை ஒன்றாகக் கோத்தார். அறுந்தது ஒன்றுதான் என்றாலும் இரண்டு நூல்களையும் மாற்றினார். புது நூலும் பழைய நூலும் ஒரே அளவு நீளாது, பட்டை கோணிவிடும் என்பது காரணம். இணையத்தில் கிடைக்கும் நூல் பொட்டலத்தை வாங்கி இதைத் தாங்களே செய்ய நினைப்பவர்களுக்கு என் ஆலோசனை: பிரிப்பதற்கு முன் நூல் போகும் பாதையை எல்லாப் பக்கமிருந்தும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முறுக்கு இல்லாததால் மடிப்புத் திரையை வீட்டில் பழுதுபார்ப்பது உருளைத் திரையைவிட எளிது. பொறுமை மட்டும் வேண்டும்.

குறைகளுக்கு வருகிறேன். அவர் வண்டியிடம் வருவதில்லை. சட்டங்களை நாமே கழற்றி, எந்த ஜன்னல் எது என்று எழுதி ஒட்டிக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், திரும்ப நாமே மாட்ட வேண்டும். திருகாணிகள் மெல்லிய ஒட்டுப்பலகைச் சுவரில் பதிந்திருப்பதால், கழற்றி மாட்டும்போது துளைகள் பெருத்துவிடும். எங்கள் வண்டியில் இருபதுக்கும் மேற்பட்ட திருகாணிகள் பிடிப்பில்லாமல் சுழன்றன. தீக்குச்சியை மரப்பசையில் தோய்த்துத் துளைக்குள் செருகி, காய்ந்த பின் திருகுமாறு சொல்லிக் கொடுத்தார். அது நன்றாகப் பிடித்தது, ஆனால் ஒரு முழு வார இறுதி அதற்கே போயிற்று. வயதானவர்களுக்கோ, கருவிகளைக் கையாண்டு பழகாதவர்களுக்கோ இது பெரிய தடை.

அடுத்தது நிறம். 27 ஆண்டு வெயிலில் எங்கள் சட்டங்கள் பாலாடை நிறத்துக்குப் பழுத்துவிட்டன. அவர் மாற்றிய நான்கு ஓரமூடிகள் பளிச்சென்ற வெள்ளை. உடைந்ததை மாற்றாமல் இருக்க முடியாது என்பது புரிகிறது. ஆனால் இப்படித் தெரியும் என்று முன்பே சொல்லியிருக்கலாம். ரசீதும் நான் கேட்ட பிறகுதான் தனித்தனியாக எழுதித் தந்தார். ஐந்து ஜன்னல் சட்டங்களுக்குத் தலா 42 பவுண்டு வீதம் 210, கூரைத் திறப்புக்கு 60, சில்லறைப் பாகங்களுக்கு 18, ஆக மொத்தம் 288 பவுண்டு. பத்து நாளில் தருவதாகச் சொன்னது மூன்று வாரம் ஆயிற்று. தாமதம் ஆகும் என்று அவராகவே தொலைபேசியில் அழைத்துச் சொன்னதால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஒரு சட்டத்தில் முறுக்கு சற்று அதிகமாகிவிட்டது. சமையல் பக்க ஜன்னலில் கொக்கியைக் கழற்றியதும் வலைப்பட்டை கையிலிருந்து நழுவி மேல் பெட்டியில் அறைந்தது. அழைத்துச் சொன்னேன். மறுபடி கொண்டுவரச் சொல்லவில்லை. தன் குறிப்பேட்டைப் பார்த்து, அந்த உருளையில் 9 சுற்று இருக்கிறது, 7 போதும், வலப்பக்க ஊசியைக் குறட்டால் பிடித்து இரண்டு சுற்று விடுங்கள் என்றார். அதே நேரத்தில் திரைப் பக்கத்தில் எத்தனை இருக்கிறது என்பதையும் சொல்லி, அதைத் தொட வேண்டாம் என்று அழுத்திச் சொன்னார். பத்து நிமிடத்தில் சரியாயிற்று. ஒவ்வோர் உருளையின் எண்ணிக்கையையும் எழுதி வைக்கிற ஒருவரிடம் பிழை நேர்ந்தால்கூட அதைத் திருத்துவது எவ்வளவு எளிது என்பதை அன்று பார்த்தேன்.

இந்தச் சேவைக்காக நான் அவருக்கு மிகவும் நன்றிக்கடன் பட்டிருப்பது திரைக்காக அல்ல, ஈரத்துக்காக. படுக்கை ஜன்னலின் சட்டத்தை மேசைமேல் வைத்ததும், அதன் பின்பக்கத்தில் இருந்த கறுத்த கோட்டை அவர் தடவிப் பார்த்து, மோந்தும் பார்த்தார். திருகாணிகள் இரண்டு துருப்பிடித்திருந்தன. வண்டியை வெளியே நிறுத்தியிருக்கிறீர்களா என்று கேட்டு, ஈரமானியை எடுத்துக்கொண்டு வந்து, ஜன்னலின் கீழ் மூலையில் குத்திப் பார்த்தார். ஜன்னல் சட்டத்துக்கும் வெளிச்சுவருக்கும் இடையே உள்ள பியூட்டைல் பசை வறண்டு, மழைநீர் உள்ளே கசிந்துகொண்டிருந்தது. "இந்தச் சட்டத்தைச் சரிசெய்து தருகிறேன், ஆனால் சுவர் காயும்வரை இதை மாட்டாதீர்கள், மாட்டினால் ஈரத்தை மூடிவைப்பதாகிவிடும்" என்றார். வேறொரு பட்டறையில் ஜன்னலைக் கழற்றிப் புதுப் பசையில் பதித்து, சுவர் காய்வதற்கு ஆறு வாரம் காத்திருந்து மாட்டினோம். இன்னொரு குளிர்காலம் அப்படியே விட்டிருந்தால் சுவருக்குள் இருக்கும் மரச்சட்டம் உளுத்திருக்கும். திரைச் சட்டத்தை எந்தக் காரணத்துக்காகக் கழற்றினாலும் அதன் பின்னாலுள்ள சுவரை விரலால் அழுத்திப் பாருங்கள். மெத்தென்று இருந்தால் திரையை மறந்துவிட்டு முதலில் சுவரைக் கவனியுங்கள்.

திரும்பத் தரும்போது பராமரிப்பைப் பற்றி அவர் சொன்னவற்றில் இரண்டை நாங்கள் கண்டிப்பாகப் பின்பற்றுகிறோம். வண்டியை மாதக்கணக்கில் நிறுத்தி வைக்கும்போது உருளைத் திரைகளை இழுத்து மூடி வைக்கக் கூடாது; ஸ்பிரிங் முழு விசையில் நீண்ட நாள் நின்றால் களைத்துவிடும். மடிப்புத் திரையையும் மடித்தே வைக்க வேண்டும். விரித்து வைத்தால் மடிப்பு தன் உருவத்தை மறந்து, பிறகு ஒழுங்காக மடியாது. வெளியிலிருந்து யாரும் உள்ளே பார்க்கக் கூடாது என்று நாங்கள் குளிர்காலம் முழுவதும் எல்லாத் திரைகளையும் மூடி வைத்திருந்தோம். இப்போது அதற்குச் சாதாரணத் துணித் திரை தொங்கவிட்டிருக்கிறோம். இரண்டாவது, கடும் வெயிலில் மறைப்புத் திரையை முழுதாக மூடாமல் ஒரு கையளவு இடைவெளி விடுவது. இந்த ஜன்னல்கள் கண்ணாடி அல்ல, அக்ரிலிக். திரைக்கும் ஜன்னலுக்கும் நடுவே சூடு தேங்கினால் அவை வளைந்துவிடக்கூடும். சுத்தம் செய்ய வெதுவெதுப்பான நீரும் சிறிது பாத்திரம் கழுவும் சோப்பும் போதும். வீட்டுக் கண்ணாடி துடைக்கும் திரவம் அக்ரிலிக்கில் பட்டால் மேற்பரப்பில் மெல்லிய வெடிப்புகள் ஓடிவிடும். திரைத்துணியில் தெளிக்கும்போது சிதறுவதுகூட ஆபத்து.

2023 ஜூனில் மறுபடியும் கிளென் நெவிசுக்கே போனோம். வேண்டுமென்றேதான். காற்று சுத்தமாக நின்றுபோன மாலை. வெளியே பூச்சிகள் விளக்கொளியை நாடி ஜன்னலில் சாம்பல்போல் படிந்தன. உள்ளே ஒன்றுகூட வரவில்லை என்று எழுத ஆசைதான். நான்கைந்து வந்தன, ஆனால் ஜன்னல் வழியாக அல்ல, கதவு வழியாக. திரைகளை இணைத்துக் கொக்கி போட்டு, பட்டையைப் பாதி உயரத்தில் விட்டேன். காலையில் எழுந்தபோது அதே உயரத்தில் இருந்தது. என் மனைவி அன்று 7 மணிவரை தூங்கினார். அதன்பின் மற்றொரு கோடையும் கடந்துவிட்டது. ஐந்து சட்டங்களில் எதிலும் தொய்வு இல்லை. கூரைத் திறப்பின் நூல் இறுக்கமாகவே இருக்கிறது.

கதவின் வலை மட்டும் மிச்சம். அது இழுவைக் கதவுபோல் பக்கவாட்டில் ஓடும் மடிப்பு வலை. அதன் கீழ்த் தடத்தில் தேய்ந்த ஒரு சிறு சக்கரத்துக்கு மாற்று ஒன்றை அவர் தேடிக்கொண்டிருந்தார். ஒரு பழைய கேரவனிலிருந்து அதே சக்கரம் கிடைத்துவிட்டது என்று போன வாரம் அழைத்தார். வலையை நேற்றுக் கழற்றி, எந்தப் பக்கம் மேல், எந்தப் பக்கம் கீல் என்று மறைப்பு நாடாவில் எழுதி ஒட்டிவிட்டேன். சனிக்கிழமை கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.